பலகை மேல் நின்ற வழுக்கைத்தலையன்

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். கொடுத்தது பத்து நிமிடம். வணக்கத்துக்கு இவ்வளவு போதும்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். காமிக்ஸ் ஓவியரின் பெருமை அச்சான புத்தகத்திலா, அவர் கைப்பட வரைந்த மூலத்தாளிலா? நான் மூலத்தாள் கட்சி. இரண்டு அணிக்கும் உதாரண புருஷர் ஒருவர்தான்: ஜாக் கிர்பி. 1917இல் நியூயார்க்கில் பிறந்தவர். ஜோ சைமனோடு சேர்ந்து கேப்டன் அமெரிக்கா என்ற சாகச நாயகனை உருவாக்கியவர். 1941 மார்ச் தேதியிட்ட முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லரின் தாடையில் ஒரு குத்து விழும். அப்போது அமெரிக்கா போருக்கே போகவில்லை. அரசாங்கத்துக்கு முன்னால் பென்சில் போருக்குப் போய்விட்டது.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் இரண்டு போடு போட்டார். ஒன்று, "அச்சுப் புத்தகம் இலையில் பரிமாறிய சாப்பாடு, தங்கச்சி அணி இலையை விட்டுவிட்டு அடுப்படியில் போய்ச் சட்டியைச் சுரண்டுகிறது." நீங்களும் கை தட்டினீர்கள். யார் யார் தட்டினீர்கள் என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அண்ணே, சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அவ்வளவுதான், அந்தக் கணக்கு முடிந்தது. இரண்டாவது போடு கொஞ்சம் கனமானது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஒரு கதை.

1960களில் மார்வெல் காமிக்ஸ் நிறுவனத்தில் வேலை நடந்த விதமே தனி. எழுத்தாளர் ஸ்டான் லீ முழு வசனத்தையும் எழுதிக் கையில் கொடுப்பதில்லை. கதையைச் சுருக்கமாகப் பேசிக்கொள்வார்கள். கிர்பி வீட்டுக்குப் போய் மொத்தப் புத்தகத்தையும் பென்சிலில் வரைந்து அனுப்புவார். பிறகுதான் வசனம். இப்படித்தான் ஒரு நாள் ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற சாகசத் தொடரின் 48வது இதழுக்கான தாள்கள் லீயின் மேஜைக்கு வருகின்றன. வில்லன் யார்? கலாக்டஸ். ஊரை விழுங்குகிறவன் இல்லை, உலை வைத்தால் ஒரு முழுக் கிரகமே வேண்டும் அவனுக்கு. சரி, பேசியபடி கலாக்டஸ் இருக்கிறான். ஆனால் கூடவே இன்னொருத்தன் இருக்கிறான். பேச்சில் இல்லாத ஆள். தலையில் ஒரு முடி இல்லை. உடம்பு வழவழவென்று கண்ணாடி மாதிரி. நிற்பது எங்கே? விண்வெளியில். எதன் மேல்? கடல் அலையில் சறுக்குவார்களே, அந்தப் பலகை மேல்!

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அங்கே கடல் இல்லை. அலை இல்லை. காற்றுகூட இல்லை. இவன் பாட்டுக்குப் பலகையில் ஜம்மென்று போகிறான். லீ கேட்கிறார், என் பாஷையில் சொல்கிறேன், "யாருப்பா இந்த வழுக்கை?" கிர்பியின் பதில்: இவ்வளவு பெரிய ஆள் வரும்போது முன்னால் ஒரு கட்டியக்காரன் வரவேண்டாமா? நியாயம்தானே! நம் ராஜாக்கள் தெருவில் போவதற்கே "பராக், பராக்" என்று ஓர் ஆள் முன்னால் ஓடினான். கிரகத்தைச் சாப்பிட வருகிறவன் சொல்லாமல் கொள்ளாமல் வரலாமா?

சரி, கட்டியக்காரன் வேண்டும். பலகை எதற்கு? இங்கேதான் விஷயம். விண்கலம் வரைந்து வரைந்து அலுத்துவிட்டது என்றார் கிர்பி. அலுப்பு, ஐயா! வீட்டில் நமக்கு அலுத்தால் படுத்துத் தூங்குவோம். அந்த மனிதருக்கு அலுத்தபோது சில்வர் சர்ஃபர் பிறந்தான்.

அந்த நிமிடத்தில் அவனுக்குப் பெயர் இல்லை. வசனம் இல்லை. வண்ணம் இல்லை. மைகூடத் தொடவில்லை. அச்சு இயந்திரம் அவன் முகத்தையே பார்த்ததில்லை. 1966இல் 12 சென்ட் கொடுத்து அந்தப் புத்தகத்தை வாங்கப்போகும் ஒரு பையனுக்கும் அவனைத் தெரியாது. இந்தப் பிரபஞ்சத்தில் அந்த வழுக்கைத்தலையன் இருந்த ஒரே இடம், பென்சில் கோடு விழுந்த ஒரு தாள். அண்ணன் சொல்லட்டும், அவன் பிறந்தது எங்கே? அச்சகத்திலா? பிறந்த வீட்டை விட்டுவிட்டுக் கல்யாண மண்டபத்தைச் சொந்த ஊர் என்று சொல்கிறார்கள்.

சரி, அந்தத் தாள் எப்படி இருக்கும்? 1967 வாக்கில் அளவைக் குறைக்கும்வரை படம் வரையும் பரப்பே சுமார் 12½ அங்குல அகலம், 18½ அங்குல உயரம். அச்சில் அதைச் சுருக்கி, மலிவுக் காகிதத்தில் புள்ளி புள்ளியாக வண்ணம் ஏற்றி, கையடக்கமாகத் தருவார்கள். மூலத்தாளை நான் நேரில் தொட்டதில்லை. ஆனால் இப்போது ஆர்ட்டிஸ்ட்ஸ் எடிஷன் என்று வருகிறது. 2010 முதல் ஐடிடபிள்யூ நிறுவனம் வெளியிடுகிறது. கறுப்பு வெள்ளைத் தாளையே வண்ணத்தில் ஸ்கேன் செய்து, அசல் அளவிலேயே போடுகிறார்கள். மடியில் வைத்தால் முழங்கால் மறைந்துவிடும். அண்ணன் சிரிக்கிறார். "அதுவும் அச்சுப் புத்தகம்தானே" என்று. ஆமாம். மாட்டிக்கொண்டேன். அடுத்த விஷயத்துக்குப் போவோம்.

அந்தப் பக்கத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். புத்தகத்தில் கறுப்பு என்றால் ஒரே கறுப்பு. தாளில் அப்படி இல்லை. தூரிகை முழுக்க மை குடித்திருந்த இடம் ஒரு கறுப்பு; மை தீரப்போகும் இடம் உதிர்ந்த கறுப்பு. கோடு தப்பிய இடத்தில் வெள்ளைப் பூச்சு. வசனக் கட்டத்தை மாற்றி ஒட்டிய இடத்தில் பசை பழுத்து மஞ்சளாகியிருக்கிறது. விண்வெளி சக்தியைக் காட்ட கிர்பி கறுப்பு உருண்டைகளைக் கொத்துக் கொத்தாகப் போடுவார், கிர்பி கிராக்கிள் என்பார்கள். அதில் ஒவ்வோர் உருண்டைக்கும் தூரிகை எங்கே தொட்டது, எங்கே விட்டது என்று தெரிகிறது.

ஓரத்தைப் பாருங்கள். பென்சிலில் பொடி எழுத்து. இந்தக் கட்டத்தில் என்ன நடக்கிறது, இவன் ஏன் கோபப்படுகிறான் என்று வசனம் எழுதப்போகிறவருக்காகக் கிர்பி எழுதிய குறிப்பு. கதையில் அவர் பங்கு எவ்வளவு என்பதற்கு அந்த ஓரம்தான் சாட்சி. அச்சுக்குப் போகும்போது முதலில் வெட்டுப்படுவதும் அந்த ஓரம்தான்.

மைக்காரர்களையும் சொல்லவேண்டும். பென்சில் மேல் இன்னொருவர் மை போடுவார். மை காய்ந்ததும் ரப்பர் வந்து பென்சிலைத் துடைத்துவிடும். ஜோ சின்னாட் மை போட்டால் உலோகம் உலோகமாகவே மின்னும். இடிக் கடவுள் தோர் நாயகனாக வரும் இதழ்களுக்கு மை போட்டவர் வின்ஸ் கோலெட்டா. கிர்பி ஒரு படையை வரைந்து அனுப்புவார். தோரும் கோலெட்டாவும் சேர்ந்து அந்தப் படையைப் பாதியாக்குவார்கள். தோர் சுத்தியலால், கோலெட்டா ரப்பரால். திட்டவேண்டாம், பாவம். நாள் நெருங்கிவிட்டால் பதிப்பாளர் கூப்பிடுவது அவரைத்தான். ஆனால் அச்சுப் புத்தகத்தை மட்டும் பார்க்கிறவருக்கு, காணாமல்போன அந்தச் சிப்பாய்கள் இருந்ததே தெரியாது.

இப்போது அண்ணனின் இரண்டாவது போடு. ஸ்பைடர்மேனை முதலில் வரைந்த ஸ்டீவ் டிட்கோவைப் பார்க்கப்போன ஒருவர், அவர் தன்னுடைய மூலத்தாளையே வெட்டுப்பலகையாகப் போட்டு, அதன் மேல் வைத்துக் கத்தியால் மற்றதை வெட்டிக்கொண்டிருந்தார் என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் அதை எடுத்துக்கொண்டு, "படைத்தவனே வெட்டுப்பலகை ஆக்கினான், தங்கச்சி அதற்குக் கற்பூரம் காட்டுகிறது" என்றார். அரங்கமே அதிர்ந்தது.

அண்ணே, வீட்டில் நல்ல சாப்பாட்டை நமக்கு வைத்துவிட்டு அடிச்சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தனக்கே மதிப்புத் தெரியாதவர்கள். அவர்களே மதிக்கவில்லை என்பதால் நாமும் மதிக்காமல் இருக்கலாமா? அந்தக் காலத்தில் நிறுவனங்கள் இந்தத் தாள்களை என்ன செய்தன? வருகிறவர் போகிறவருக்குக் கொடுத்தார்கள், வெட்டிக் குப்பையில் போட்டார்கள். ஊரே குப்பை என்று சொன்னதை அந்த மனிதரும் நம்பியிருக்கலாம். அதே டிட்கோ வரைந்த, ஸ்பைடர்மேன் முதன்முதலில் வந்த அமேசிங் ஃபேன்டசி 15வது இதழின் 24 மூலத்தாள்கள் 2008இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கொடுத்தவர் பெயர்கூடச் சொல்லவில்லை. இது வெட்டுப்பலகைக்கு நடக்கிற மரியாதையா?

இன்னும் கேளுங்கள். மூலத்தாள் குப்பை என்றால், கிர்பியின் தாள்களை மார்வெல் சும்மா திருப்பிக் கொடுத்திருக்கவேண்டியதுதானே? 1980களில் மற்ற ஓவியர்களிடம் ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கித் திருப்பிக் கொடுத்தார்கள். கிர்பிக்கு மட்டும் நாலு பக்கப் பத்திரம். அதற்குப் பதிலாகத் தருவதாகச் சொன்னது 88 பக்கம். பத்தாயிரத்துக்கு மேல் வரைந்து கொடுத்த மனிதருக்கு! அவர் கையெழுத்துப் போடவில்லை. கடைசியில் 1987இல் சுமார் 2,000 பக்கம் கைக்கு வந்தது. குப்பைக்கு யாராவது நாலு பக்கம் பத்திரம் எழுதுவார்களா, அண்ணே?

நடுவர் மணியைத் தொடுகிறார். இரண்டே நிமிடம்.

அண்ணன் வெட்டுப்பலகை என்று சொன்னதிலிருந்து எனக்கு வேறொரு பலகை மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. கிர்பியின் அப்பா ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். என் அப்பா தையல்காரர். துணியைப் பலகையில் விரித்து, டெய்லர் சாக்கால் கோடு போடுவார். ஒரே இழுப்பு, கை தூக்கமாட்டார். தைத்து முடித்துத் தட்டினால் சாக்கோடு போய்விடும். அவர் தைத்த சட்டையை எத்தனையோ பேர் போட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டைப் பார்த்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

எனக்குப் பத்து வயதில் அப்பா போய்விட்டார். அவர் தைத்துக் கொடுத்த கவுன்கள் எல்லாம் கிழிந்து, கைப்பிடித் துணியாகி, அதுவும் போய்ச் சேர்ந்தன. ஒன்றும் மிச்சமில்லை. பல வருஷம் கழித்து அவருடைய பெட்டியின் அடியில் ஒரு மடிப்புத் துணி கிடைத்தது. வெட்டி வைத்து, தைக்காமல் விட்டது. சாக்கோடு பாதி மங்கியிருந்தது. ஓரத்தில் பென்சிலால் என் பெயர், மார் 26, நீளம் 28. அதற்குக் கீழே, கடையில் தைக்கிற பையனுக்காக ஒரு குறிப்பு. தைத்திருந்தால் மடிப்புக்குள் போயிருக்கும், நான் பார்த்தே இருக்கமாட்டேன். "ரெண்டு அங்குலம் கூட விடு. வளர்ற பிள்ளை."

அந்தத் துணியை நான் இன்னும் துவைக்கவில்லை, நடுவர் அவர்களே. மணியை அடித்துக்கொள்ளுங்கள்.