தண்ணீர் மாற்றியும் பாஸ்பேட் ஏன் இறங்கவில்லை?

சரி, அடுத்த கேள்வி சிங்கப்பூர் நண்பர் ஒருவருடையது. பவளம் வளர்க்கும் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறார். தீனியிலிருந்தும் கழிவிலிருந்தும் சேரும் சத்துகள் இரண்டும் அதிகம்: நைட்ரேட் 50, பாஸ்பேட் 0.4 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு). மூன்று வாரமாக வாரம் 20 சதவீதம் தண்ணீர் மாற்றியதில் நைட்ரேட் பாதியாகிவிட்டதாம். பாஸ்பேட் அசையவே இல்லை, பாறையில் முடிபோல் வளரும் முடிப்பாசியும் குறையவில்லை. "டெஸ்ட் கிட் கெட்டுப்போயிருக்குமா?" என்று கேட்கிறார்.

கிட்டைக் குறை சொல்லாதீர்கள். நைட்ரேட் தண்ணீரிலேயே கரைந்து கிடப்பது. அதனால் கணக்கு நேராக வருகிறது: 50, 40, 32, பிறகு சுமார் 26. பாஸ்பேட் அப்படியில்லை, பாறையிலும் பவள மணலிலும் போய் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் அளவு குறைந்தவுடன் பாறை தன்னிடம் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். இரண்டு நாளில் பழைய எண் திரும்பிவிடும். நீங்கள் காலி செய்ய வேண்டியது பாறைக்குள் சேர்ந்திருக்கும் பாஸ்பேட்டை!

அதற்கு முன் உள்ளே போவதைப் பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை தீனி போடுகிறீர்கள் என்று எழுதவில்லை; பெரும்பாலும் வில்லன் அதுதான். ஆவியானதற்கு ஊற்றும் ஆர்ஓ (வடிகட்டிய) தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் பொருள்களின் அளவு, பூஜ்யமா என்றும் பாருங்கள். நுரை எழுப்பிக் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரின் கழுத்தை வாரம் ஒருமுறை துடையுங்கள். ஸ்கிம்மர் கழிவு அழுகுவதற்கு முன்பே வாரி எடுக்கும், ஏற்கெனவே கரைந்த பாஸ்பேட்டை அதனால் இழுக்க முடியாது.

அதை இழுக்க இரும்பு ஆக்ஸைடு மணிகள், அதாவது ஜிஎஃப்ஓ. பாக்கெட்டில் போட்டிருப்பதில் பாதி அளவில் தொடங்குங்கள். நான் ஒருமுறை அவசரப்பட்டு முழு அளவையும் கொட்டினேன். ஒரே வாரத்தில் பாஸ்பேட் பூஜ்யம். அக்ரோபோரா பவளம் அடியிலிருந்து தோலுரிந்து வெள்ளெலும்பாக நின்றது, அப்புறம் குமிழி குமிழியாகப் பழுப்புச் சளி வேறு, டைனோ என்ற நுண்ணுயிர். பவளத்துக்குள் இருக்கும் பாசிக்கும் சத்து வேண்டுமே. பாஸ்பேட் 0.03 முதல் 0.1, நைட்ரேட் 5 முதல் 10 இருந்தால் போதும்.

பாக்டீரியாவுக்குத் தீனியாகத் தொட்டியில் வோட்கா ஊற்றலாமா என்றும் கேட்டிருக்கிறார். அதனால் வளரும் பாக்டீரியா நைட்ரேட்டைத்தான் அதிகம் தின்னும், உங்கள் பெரிய பிரச்சினை அதுவல்ல, அதுதான் இறங்கிக்கொண்டிருக்கிறதே. வேண்டுமானால் சம்பில் (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) கீட்டோ என்ற பாசி வளர்த்து, இரவில் விளக்குப் போடுங்கள். ஆனால் வளர்ந்ததை அள்ளி வெளியே போட்டால்தான் சத்து குறையும். அந்த முடிப்பாசியும் அப்படித்தான்: தண்ணீர் மாற்றும்போதே கையால் பிடுங்கி, ட்யூப் வழியாக உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.