மடிவாளாவில் ஒரு மடிவாளா

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஓட்டல் கிடையாது, சாப்பாடு கிடையாது, பெங்களூரு மடிவாளா ஏரியாவில் எங்கள் மொட்டை மாடிதான். முதலில் ஒரு தப்பைத் திருத்த வேண்டும்.

போன வாரம் ஏரி வீடியோவில் குண்டுகரிச்சான் என்கிற கருப்பு வெள்ளைக் குருவியைக் காட்டி, ஆங்கிலத்தில் இதற்கு டயல் பேர்ட் என்று பழைய பெயர் உண்டு, சூரியக் கடிகாரத்தை வைத்து வந்தது என்று பெரிய மேதாவி மாதிரி சொன்னேன் இல்லையா, அது சுத்தமான உளறல். இந்தியில் இதன் பெயர் தஹியல், வங்காளத்தில் தோயேல். அந்தத் தஹியல்தான் வெள்ளைக்காரன் காதில் டயல் ஆகிவிட்டது. இருங்கள், மீதிப் பெயர்க் கதைக்கு முன்னால், இதன் பாட்டைப் பதிவு செய்யப் போன மைக் கதை.

விடியற்காலை ஐந்தரைக்குப் பாட ஆரம்பிக்கிறது, அதே நேரத்துக்குப் பால் வண்டியும் வருகிறது. மூன்று நாள் பதிவிலும் ஹார்ன்தான். சரி, காற்றுச் சத்தமாவது குறையட்டும் என்று எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோடு போய் மைக்குக்குப் போடும் ரோம உறை கேட்டால் 480 ரூபாய் என்கிறார்கள், பூனை வால் அளவுக்குக்கூட இல்லை அது! பேரம் பேசி 350க்கு வாங்கினேன், அதாவது 350 பிளஸ் ஆட்டோ, அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

சரி, பெயர். 1758இல் ஸ்வீடன் விஞ்ஞானி லின்னேயஸ் வைத்த அறிவியல் பெயரில் சவுலாரிஸ் என்று வரும். டயல் என்றால் சூரியக் கடிகாரம், ஆகவே சூரியனைக் குறிக்கும் சோலாரிஸ் என்று எழுத நினைத்திருப்பார், எழுதும்போது பிழையாகிவிட்டது என்று ஜெர்டன் மாதிரி பெரிய பறவை ஆளே எழுதிவிட்டார், நானும் அதை நம்பித்தான் உளறினேன். எழுத்துப் பிழையே இல்லை. சவுலாரி என்பதும் நம் ஊர்ப் பெயர்தான், இந்தியில் சௌ என்றால் நூறு, நூறு பாட்டு என்று அர்த்தம் சொல்கிறார்கள். அதிலும் அந்தப் பெயரோடு பறவையை லண்டனில் இருந்த இயற்கை ஆய்வாளர் பெடிவருக்கு அனுப்பியவர் மதராஸ் கோட்டை டாக்டர் எட்வர்ட் பல்க்லி. 1713இல் வந்த ஜான் ரேயின் பறவைப் புத்தகத்திலேயே அது ஏறிவிட்டது. நம்ம மெட்ராஸ் மக்களே!

எனக்குப் பிடிக்காதது, இதற்கு இப்போது ஆங்கிலத்தில் இருக்கும் மேக்பை ராபின் என்கிற பெயர். மேக்பை காக்கைக் குடும்பம், இது ஈப்பிடிப்பான் குடும்பம், கருப்பு வெள்ளையாக இருக்கிறது என்பதற்காக ஒட்டவைத்த பெயர்.

அட, முக்கியமானதையே விட்டுவிட்டேன். ஓனரம்மா இதைப் பார்த்து "மடிவாளா" என்றார், நான் ஏரியாவைச் சொல்கிறார் என்று நினைத்து "ஆமாம்மா, இங்கேதானே இருக்கிறோம்" என்றேன். கன்னடத்தில் மடிவாளா என்றால் துணி வெளுப்பவர், பறவைக்கும் அதே பெயர். தமிழில் வண்ணாத்திக்குருவி, மலையாளத்தில் மண்ணாத்திப்புள்ளு, மூன்றிலும் ஒரே தொழில். இறக்கையைப் பாருங்கள், நீலம் போட்டுத் தேய்த்த மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை.

டிஷ் ஆன்டெனா மேல் வந்துவிட்டது, வாலைத் தூக்குகிறது பாருங்கள். பால் வண்டி போய்விட்டது. நான் வாயை மூடிக்கொள்கிறேன்.