10 யூனிட்டுக்கு 305 ரூபாய்! உங்க அப்பார்ட்மென்ட்ல மின்சிக்கனக் குழு ஆரம்பிக்கிறது எப்படி?

[திரையில்: பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஈபி பில். ஒண்ணுல 500 யூனிட், இன்னொண்ணுல 510.]

இந்த ரெண்டு பில்லையும் நல்லா பாருங்க. எதிரெதிர் வீடு. இந்த வீட்ல 500 யூனிட், பில் 1,725 ரூபாய். அந்த வீட்ல 510 யூனிட், பில் 2,030 ரூபாய். வெறும் 10 யூனிட்டுக்கு 305 ரூபாய் கூடுதல்!

மீட்டர்ல கோளாறு இல்லீங்க. தமிழ்நாட்ல வீட்டு பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வருது. முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டாத வரைக்கும் அடுத்த 100 யூனிட்டுக்கும் பாதி விலைதான். 501-வது யூனிட் ஓடின உடனே அந்தப் பாதி விலைச் சலுகை போயிடும், அதுக்கு மேல 600 வரைக்கும் ஓடுற ஒவ்வொரு யூனிட்டுக்கும் 8 ரூபாய். நான் சொல்றது 2022 செப்டம்பர் கட்டணம். அதுக்கப்புறம் விலை ஏறியிருக்கு, ஆனா 500-ல இருக்கிற அந்தப் பள்ளம் அப்படியேதான் இருக்கு.

அந்தப் பள்ளத்துல உங்க குடியிருப்புல எத்தனை வீடு விழுது? தனித்தனியா பில் கட்டிட்டிருக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியாது. அதுக்குத்தான் குழு வேணும்னு சொல்றேன்.

[திரையில்: குழு – 5 பேர்]

அஞ்சு பேர் போதும். பொது பில்லைக் கட்டுற பொருளாளர், மோட்டார் போடுற வாட்ச்மேன் அண்ணன், உங்க கட்டடத்துக்கு வழக்கமா வர்ற எலக்ட்ரீசியன், பகல்ல வீட்ல இருக்கிற ஒருத்தர், வாடகைக்கு இருக்கிற ஒருத்தர். வாட்ச்மேனை விட்டுட்டுக் குழு போடாதீங்க. மோட்டார் எத்தனை மணிக்கு ஓடுது, எத்தனை நாள் டேங்க் வழிஞ்சுது, எல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

முதல் கூட்டத்துல சோலார் பேச்சை எடுக்காதீங்க. பல குழுக்கள் அங்கேயே சிக்கிக்குது. கொட்டேஷன் வாங்குவாங்க, பணம் யார் போடறதுன்னு சண்டை வரும், மூணாவது கூட்டத்துக்கு ஆளே இருக்காது. முதல் கூட்டத்துக்கு, மோட்டாரும் மாடிப்படி லைட்டும் ஓடுற பொது மீட்டரோட கடைசி 6 பில்லைக் கொண்டு வாங்க. ஒரு வருஷக் கணக்கு கையில வந்துடும். பொது மீட்டருக்கு அந்த 100 யூனிட் இலவசம் கிடையாது. 2022 கட்டணத்துல முதல் யூனிட்லேருந்தே 8 ரூபாய். 10 வீட்டுக்குள்ள, 3 மாடிக்குள்ள, லிஃப்ட் இல்லாத கட்டடம்னா 2023-ல அதை 5.50 ஆக் குறைச்சாங்க. உங்க கட்டடம் அதுக்குள்ள வந்தும் பழைய விலையே பில்ல வருதான்னு பாருங்க.

சரி, இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வர்றேன். மோட்டார்!

[திரையில்: மீட்டரோட சிவப்பு லைட் குளோசப்புல துடிக்குது]

பொது மீட்டர்ல ஒரு சின்ன சிவப்பு லைட் துடிச்சுட்டே இருக்கே, அது சும்மா இல்ல. பக்கத்துல 3200-ன்னு ஒரு எண் அச்சடிச்சிருந்தா, அந்த லைட் 3200 தடவை மின்னினா 1 யூனிட் ஓடிச்சுன்னு அர்த்தம். உங்க மீட்டர்ல வேற எண் இருந்தா அதை வெச்சுக் கணக்குப் போடுங்க. சீலைத் தொடவே கூடாது, கண்ணால எண்ணினா போதும்.

மோட்டார் ஓடாதப்ப ஒரு நிமிஷம் எண்ணுங்க. மோட்டாரைப் போட்டுட்டு மறுபடி ஒரு நிமிஷம் எண்ணுங்க. வித்தியாசம் 80-ன்னு வைங்க. 80-ஐ 60-ஆல பெருக்கி 3200-ஆல வகுத்தா 1.5. உங்க மோட்டார் இழுக்கிறது 1.5 கிலோவாட், அதாவது ஒரு மணி நேரத்துக்கு 1.5 யூனிட். எந்தக் கருவியும் வாங்கலை!

இப்ப மொட்டை மாடிக்குப் போங்க. டேங்கோட நீளம், அகலத்தை அளங்க. 3 மீட்டருக்கு 2 மீட்டர்னா, தண்ணி 20 சென்டிமீட்டர் ஏறினா 1,200 லிட்டர். வீடுகளுக்கு இறங்குற கேட் வால்வை மூடிட்டு, எத்தனை நிமிஷத்துல 20 சென்டிமீட்டர் ஏறுதுன்னு பாருங்க. முந்தின நாளே எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க, யாராவது தலையில ஷாம்புவோட நிப்பாங்க.

10 நிமிஷத்துல ஏறினா 1,200 லிட்டருக்குக் கால் யூனிட். அதாவது 1,000 லிட்டருக்குச் சுமார் 0.2 யூனிட். நாலு மாடிக் கட்டடத்துக்கு, சம்ப்லேருந்து ஏத்துற சின்ன மோட்டாருக்கு இது பரவாயில்ல. 15 நிமிஷம் ஆனா 0.3-ஐத் தாண்டிடும், மோட்டாருக்கு உடம்பு சரியில்ல. உறிஞ்சுற பைப்போட அடியில இருக்கிற ஃபுட் வால்வ்ல மண் அடைச்சிருக்கும், அந்த பைப் ஜாயின்ட்ல காத்து இழுக்கும், உள்ளே சுத்தித் தண்ணியைத் தள்ளுற இம்பெல்லர் தேஞ்சிருக்கும், இல்லேன்னா மேல போற லைன்ல ஒரு கேட் வால்வ் பாதி மூடிக் கிடக்கும். கடைசியா சொன்னதை முதல்ல பாருங்க, அதைச் சரிபண்ண ஒத்தப் பைசா செலவில்லை. ஆழமான போர்ல தண்ணிக்குள்ளயே இறக்கி வெச்சிருக்கிற சப்மெர்சிபிள் மோட்டாருக்கு 0.2-ங்கிற அளவு பொருந்தாது. அதுக்கு இன்னிக்கு அளந்ததைக் குறிச்சு வெச்சுட்டு, ஆறு மாசம் கழிச்சு ஒப்பிடுங்க.

[திரையில்: டேங்க் சுவத்துல சாக்பீஸ் கோடு]

இன்னொரு சோதனை. ராத்திரி 12 மணிக்கு டேங்க்ல தண்ணி மட்டத்தைக் கோடு போடுங்க, 4 மணிக்குத் திரும்பப் பாருங்க. எல்லாரும் தூங்குற நேரம். அதே 3-க்கு 2 மீட்டர் டேங்க்ல 5 சென்டிமீட்டர் இறங்கியிருந்தா 300 லிட்டர். 24 மணி நேரத்துக்கு 1,800. ரெண்டு மாசத்துக்கு 1,08,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரி ஒன்பது! அதை மேல ஏத்தின கரண்ட்டைக் கணக்குப் பண்ணா 22 யூனிட்தான், இருநூறு ரூபாய்க்குள்ள. ஆனா கோடையில லாரித் தண்ணி வாங்குற கட்டடம்னா அந்த ஒன்பது லாரிக் காசையும் சேர்த்துப் பாருங்க. கரண்ட் கணக்குப் பார்க்கப் போய்த் தண்ணி திருடன் மாட்டுவான்.

திருடன் பெரும்பாலும் ஃப்ளஷ் டேங்க். ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரை அதுக்குள்ள போட்டுட்டு, 20 நிமிஷம் யாரும் ஃப்ளஷ் பண்ணாதீங்க. கோப்பையில கலர் இறங்கியிருந்தா உள்ளே வாஷர் போயிடுச்சு. வீடு வீடா இதைச் செய்யற வேலையைப் பசங்ககிட்டக் கொடுங்க, சந்தோஷமா செய்வாங்க.

மாடிப்படி லைட் எல்லாம் எல்இடி ஆக்குங்க, அதைப் பத்தி நிறைய வீடியோ இருக்கு.

[திரையில்: ஃபேன் – 75 வாட் / 30 வாட்]

இப்ப வீட்டுக்குள்ள. பழைய சீலிங் ஃபேன் ஃபுல் ஸ்பீடுல சுமார் 75 வாட். பிஎல்டிசி ஃபேன், அதாவது கம்மி கரண்ட்ல ஓடுற புது வகை மோட்டார் வெச்ச ஃபேன், சுமார் 30. தினம் 12 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துல 32 யூனிட் மிச்சம். 520 யூனிட் ஓடுற வீடு ஒரே ஒரு ஃபேனை மாத்தினா 488-க்கு வந்துடும். அதே 2022 கட்டணத்துல பில் 2,110-லேருந்து 1,653. ஒரு ஃபேனால 457 ரூபாய்! 300 யூனிட் ஓடுற வீட்ல அதே ஃபேன் மிச்சம் பிடிக்கிறது 144 ரூபாய்தான். அதனால முதல் ஃபேன் யார் வீட்டுக்குப் போகணும்னு புரியுதுல்ல? 500-லேருந்து 550 வரைக்கும் ஓடுற வீடுகளைக் குழு முதல்ல தேடணும்.

தேடும்போது ஒண்ணே ஒண்ணு. பில் போட்டோவை வாட்ஸ்அப் குரூப்ல கேட்காதீங்க. அடுத்தவங்க வீட்டுக் கணக்கு அங்கே வந்தா மறுநாளே பேச்சு கிளம்பும், குழுவும் உடையும். சீட்டுல யூனிட்டை மட்டும் எழுதிப் பொருளாளர்கிட்டக் கொடுக்கச் சொல்லுங்க.

20 ஃபேனா சேர்த்துக் கேட்டா கடையில விலை குறைப்பாங்க. பில்லை மட்டும் அவங்கவங்க பேர்ல வாங்குங்க, வாரன்டிக்கு வேணும். பழைய ரெகுலேட்டரை எலக்ட்ரீசியன் பைபாஸ் பண்ணணும், அதுல மாட்டி ஓட்டினா ஃபேனோட சர்க்யூட் கெட்டுடும். வாடகை வீட்ல இருக்கிறவங்களும் தயங்க வேண்டாம், காலி பண்ணும்போது கழட்டிட்டுப் போயிடலாம். பழைய ஃபேனை மட்டும் பத்திரமா எடுத்து வைங்க, போகும்போது ஓனருக்கு மாட்டிக் கொடுக்கணும்.

பொது பில்ல மிச்சமாகிற பணத்தை மெயின்டனன்ஸ்ல கரைச்சுடாதீங்க, தனியா எழுதி வைங்க. சோலார் பேச்சை அப்ப எடுங்க. மேட்டுப்பாளையம் பக்கத்துல ஓடந்துறை ஊராட்சி 2006-ல 350 கிலோவாட் காத்தாலையே சொந்தமா போட்டுச்சு. ஊராட்சி சேமிச்ச பணம், மீதிக்கு வங்கிக் கடன். கையில சேமிப்பு இருந்தாத்தான் அப்படி ஒரு பேச்சை ஆரம்பிக்கவே முடியும்.

இன்னிக்கு ராத்திரி டேங்க்ல கோடு போடுங்க. காலையில எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கு, உங்க டேங்க் என்ன அளவு, ரெண்டையும் கமெண்ட்ல எழுதுங்க. எத்தனை லாரின்னு கணக்குப் போட்டுச் சொல்றேன்.