சீகிரியா: கல்லும் கானும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். மாத்தளை மேடையில் நின்று சீகிரியாவைப் பற்றிப் பேசுவது எனக்கு மகிழ்ச்சி, ஏனெனில் அது நம் மாவட்டத்துக் கோட்டை. மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளையைக் கடந்து கால்நடையாகவே இந்த ஊருக்கு வந்து, இங்கிருந்து தோட்டங்களுக்கு மலையேறிய நம் பாட்டன்மார், அந்தக் குன்றிலிருந்து ஏறத்தாழ 10 மைல் தூரத்தில்தான் நடந்து போனார்கள்.

கதை நீங்கள் அறிந்ததுதான். அநுராதபுரத்தை ஆண்ட தன் தந்தை தாதுசேனனைச் சிறையில் அடைத்து, காசியப்பன் கி.பி. 477இல் அரியணை ஏறினான். பட்டத்துக்கு உரியவனான தம்பி முகலன் இந்தியாவுக்குத் தப்பி ஓடினான். செல்வம் எங்கே என்று மகன் நெருக்கியபோது, தான் கட்டிய கலாவெவ குளத்தின் நீரைக் காட்டி, தன்னிடம் உள்ள செல்வம் இதுவே என்று தந்தை சொன்னதாக, இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் கூறுகிறது. அந்தப் பதிலுக்காக உயிரையே எடுத்த மகன், சீகிரியாப் பாறையில் கட்டிய தன் கோட்டையில் தண்ணீரைக் கையாண்ட விதத்தைத்தான் இன்று நான் பேச விரும்புகிறேன்.

சமவெளியிலிருந்து ஏறத்தாழ 200 மீற்றர் நிமிர்ந்து நிற்கும் அந்தப் பாறையின் வடக்குப் பக்கத்து மேடையில், செங்கல்லும் சாந்தும் கொண்டு கட்டிய பெருஞ்சிங்கத்தின் இரண்டு பாதங்கள் மட்டுமே மிஞ்சியுள்ளன. வருகிறவர்கள் பாதங்களைப் படம் எடுத்துக்கொண்டு, குளவிக்குப் பயந்து விரைவாக மேலேறிவிடுகிறார்கள். தேயிலை மலையில் குளவிக்கொட்டுப் பட்டவர்கள் அவர்களைக் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் சற்று நின்று, பாதங்களுக்கு மேலே உள்ள வெறும் பாறையைப் பாருங்கள். விரல் நுழையும் பிளவுகூட இல்லாத வழுவழுப்பான அந்தச் சரிவில், வரிசை வரிசையாகச் சிறு பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். செங்கல் வழுக்கி விழாமல் உட்கார ஒவ்வொரு வரிசைக்கும் பாறையிலேயே இருக்கை வெட்டியிருக்கிறார்கள். சுவர் போய்விட்டது, அதைத் தாங்கிய உளித்தடங்கள் இருக்கின்றன. என் கண்ணுக்குச் சிங்கத்தைவிட அவையே பெரிய அதிசயம்.

உச்சியில் ஏறத்தாழ 4 ஏக்கர் இடம், படிப்படியாகத் தட்டுகள் அமைத்துச் சமப்படுத்தப்பட்டுள்ளது. அரண்மனையின் அடித்தளங்களுக்கு நடுவே, பாறையைக் குடைந்த பெரிய குளம் ஒன்றில் மழைநீர் தேங்குகிறது. கீழே மேற்குப் பக்கத்து நீர்ப் பூங்காவில் இன்னொரு வித்தை இருக்கிறது. மலைச்சரிவில் மழைத்தண்ணீர் மண்ணை அரித்துவிடாமல் வாட்டம் பார்த்துக் கான், அதாவது வடிகால், வெட்டிய கைகள் இந்த அவையிலும் உண்டு. அந்தக் கணக்கைத்தான் அரசனின் வேலையாட்களும் போட்டார்கள். சற்று உயரத்தில் தேக்கிய நீரைக் கண்ணுக்குத் தெரியாத நிலத்தடிக் கான்களில் இறக்கி, சுண்ணாம்புக்கல் தட்டுகளில் இட்ட சிறு துளைகளின் வழியே பீறிட வைத்தார்கள். எந்த இயந்திரமும் கிடையாது, வாட்டமும் அழுத்தமும் மட்டுமே. மழை பலமாகப் பெய்யும் நாட்களில் அந்த நீரூற்றுகள் இன்றும் எழும்புகின்றன.

குபேரனின் அளகாபுரிபோல அரசன் இதைக் கட்டினான் என்று சூளவம்சம் சொல்வதும் பொருத்தமாகவே படுகிறது. பயந்தவன் மதில் கட்டுவான், நீரூற்று எதற்கு என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. 495இல் முகலன் படையுடன் திரும்பியபோது காசியப்பன் பாறையில் ஒதுங்கவில்லை, சமவெளிக்கு இறங்கியே போரிட்டான். வழியில் சதுப்பு நிலம் கண்டு அவனுடைய யானை சற்றே திரும்ப, அரசன் பின்வாங்குவதாக எண்ணிப் படை கலைந்தது. அவன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான்.

முகலன் தலைநகரை மீண்டும் அநுராதபுரத்துக்கே கொண்டுபோனான். பாறை பிக்குகளிடம் திரும்பியது. பின்வந்த நூற்றாண்டுகளில் பாறையில் தீட்டிய ஓவியப் பெண்களைக் காண ஏறியவர்கள், கண்ணாடிச் சுவர் எனப்படும் மதிலின் பளபளத்த பூச்சில் கவிதைகளைக் கீறிவைத்தார்கள். அவற்றில் 685 பாடல்களைப் படித்தறிந்து 1956இல் பதிப்பித்தவர் பேராசிரியர் செனரத் பரணவிதான. கட்டியவர்களில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை, பார்க்க வந்தவர்களில் பலருடைய பெயர்கள் அந்தச் சுவரில் இன்னும் இருக்கின்றன.