கவிஞர் ஆண்பாலா? கவிதாயினி சரியா?

அடுத்த கேள்வி ஒரு சகோதரி அனுப்பினது. "கவியரங்க அழைப்பிதழ்ல ஆண்களுக்கெல்லாம் கவிஞர்னு போட்டுட்டு, எனக்கு மட்டும் கவிதாயினின்னு அச்சடிச்சிருந்தாங்க. அப்போ கவிஞர்ங்கிறது ஆண்பால் சொல்லா? கவிதாயினி சரியான சொல்தானா?"

முதல்ல கவிஞரைப் பார்த்துடுவோம். கவிங்கிற வடசொல்லோட நம்ம விகுதி சேர்ந்து வந்தது. அறிஞர், கலைஞர் மாதிரி. நேத்து முளைச்ச சொல்னு நினைச்சுடாதீங்க, பழைய சொல்தான். கவிஞன்னா ஆண்பால், அதுல பேச்சே இல்ல. ஆனா கவிஞர்னு 'அர்' போட்டு முடிச்சா அது பலர்பால். ஒருத்தரை அப்படிச் சொன்னா மரியாதைப் பன்மை. பலர்பால்ல ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. "மருத்துவர் வந்துட்டார்"னு சொன்னா வந்தது ஆணா பெண்ணான்னு தெரியுதா? அதே கணக்குதான் இங்கயும்.

சரி, கவிதாயினி. வரதாயினி, சுகதாயினின்னு பெயர்கள் கேள்விப்பட்டிருப்பீங்க. தாயினின்னா தருபவள். தமிழ்ல கவின்னா பாட்டையும் குறிக்கும், பாடுறவரையும் குறிக்கும். அதனால கவி தருபவள்னு பிரிச்சுப் பொருள் சொல்லலாம், தப்பில்ல. காதுல 'தாய்'னு விழுறதாலயும் பலருக்கு இது பிடிச்சிருக்குன்னு நினைக்கிறேன். ஆனா நம்ம அம்மாவுக்கும் இந்தத் தாயினிக்கும் ஒரு உறவும் கிடையாது! வடமொழியிலயே பெண் கவிஞரைச் சொல்ற சொல் வேற, கவயித்ரி.

நான் உங்களுக்குக் காட்ட விரும்புறது ஒரு பெயரை. காக்கைபாடினியார் நச்செள்ளையார். சங்க காலப் பெண் புலவர். குறுந்தொகையில 210ஆம் பாட்டு இவங்களோடது. விருந்து வரப்போகுதுன்னு கரைஞ்ச காக்கைக்கு எவ்வளவு நெய்ச்சோறு வெச்சாலும் தகும்னு தோழி சொல்ற பாட்டு. காக்கையைப் பாடினதாலயே அந்தப் பெயர். இப்போ பெயரைப் பிரிங்க. பாடினின்னு தமிழ்லயே பெண்பால் இருக்கு, அதோட விட்டாங்களா? மேல ஒரு 'ஆர்' சேர்த்துப் பாடினியார்னு ஆக்கினாங்க. ஆண் புலவரான மாங்குடி மருதனாருக்கு என்ன 'ஆர்' போட்டாங்களோ அதே 'ஆர்'. வெள்ளிவீதியாருக்கும் ஔவையாருக்கும் அதேதான். பதிற்றுப்பத்துல ஆறாம் பத்து பாடினதும் இந்த நச்செள்ளையார்தான். அதுக்குச் சேர மன்னன் ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் ஒன்பது கா (அந்தக் கால எடை அளவு) பொன்னும் நூறாயிரம் காணமும் (பொற்காசு) கொடுத்தான்னு அந்தப் பத்தோட பதிகம் சொல்லுது. பெண்ணாச்சேன்னு அவங்களுக்குத் தனியா ஒரு பட்டம் தேடிக்கிட்டு இருக்கல.

பெண்பாற் புலவர்னு நாம பாடப்புத்தகத்துல படிக்கிறது பின்னால வந்தவங்க வசதிக்காகப் பிரிச்சது. பட்டியல் போடுறதுக்கு அது உதவும். மேடையில கூப்பிடுறதுக்கு எதுக்கு?

யாராவது விரும்பித் தன் பெயருக்கு முன்னால கவிதாயினின்னு போட்டுக்கிட்டா அது அவங்க இஷ்டம், நான் குறுக்க நிக்க மாட்டேன். ஒரே வரிசையில உட்கார்ற அஞ்சு பேர்ல நாலு பேரைக் கவிஞர்னும் ஒருத்தரை வேற மாதிரியும் போடுறதுதான் எனக்கு உறுத்துது. அடுத்த தடவை அழைப்பிதழ் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்கம்மா, எனக்கும் கவிஞர்னே போடுங்கன்னு. அப்படியே ஒரு 'ஞ' போதும்னும் சொல்லிடுங்க, சில பேர் கவிஞ்ஞர்னு அடிச்சுடுறாங்க.