வளவு வீட்டில் குறைபார்வை

வணக்கம் நேயர்களே. கண் ஆபரேஷன் ஆகிவிட்டது, கண்ணாடியும் மாற்றியாகிவிட்டது. அதற்குப் பிறகும் நல்ல கண்ணில் பார்வை 6/18-ஐ எட்டவில்லை என்றால் அதைக் குறைபார்வை என்கிறோம். மற்றவர்கள் 18 மீட்டரில் படிக்கும் எழுத்தைப் படிக்க, 6/18 பார்வை உள்ளவர் 6 மீட்டருக்குக் கிட்டே வரவேண்டும். அதற்கும் கீழே இருப்பவர்களுக்குக்கூட அன்றாட வேலைக்கு உதவும் பார்வை நிறையவே மிச்சம் இருக்கும்.

நம் செட்டிநாட்டு வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டின் நடுவே உள்ள வளவு முற்றத்தில் கண் கூசும் வெயில். நாலு எட்டு வைத்தால் அறைக்குள் கும்மிருட்டு. கண் அழுத்த நோயோ மாலைக்கண்ணோ உள்ள ஆச்சிக்கு அந்த இருட்டு பழகக் கூடுதல் நேரம் பிடிக்கும். அதற்குள் உயரமான நிலைப்படி காலைத் தட்டிவிடும். அறை விளக்கைப் பகலிலும் போட்டு வையுங்கள். முற்றத்தில் இறங்கும்போது விளிம்பு அகன்ற தொப்பி போடட்டும். எண்ணெய் ஏறிக் கறுத்த படியின் விளிம்பில் இரண்டு அங்குல மஞ்சள் பெயின்ட் பட்டை அடியுங்கள். படி முழுக்க அடித்தால் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாமல் போகும். பழைய தேக்கில் பெயின்டா என்று மனசு வராதவர்கள் மஞ்சள் டேப் ஒட்டலாம்; இடுப்பு எலும்பை விடத் தேக்கு பெரிதில்லை.

ஆத்தங்குடிக் கல் அழகுதான். ஆனால் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்த தரையில் வெளிச்சம் பட்டால் தண்ணீர் கொட்டிக் கிடப்பதுபோலத் தெரியும். அந்தப் பூ வேலைப்பாட்டில் மாத்திரை விழுந்தால் தேடி எடுப்பது கஷ்டம். வெள்ளை மாத்திரையை அடர் நிறத் தட்டில் கொட்டி எடுக்கப் பழக்குங்கள். சோற்றுக்கு எவர்சில்வர் தட்டை விட வாழை இலை மேல். கீரை மட்டும் இலையோடு இலையாக மறைந்துவிடும், அதைச் சோற்றின் மேல் வையுங்கள்.

இனி, எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ். கடையில் இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து வாங்கி வருகிறார்கள். லென்ஸ் பெரிதாக இருந்தால் பெருக்கம் குறைவாகத்தான் இருக்கும். சக்தி கூடக் கூட லென்ஸ் சின்னதாகும். லென்ஸின் சக்தியை டயாப்டர் என்ற அளவில் சொல்வார்கள். 100-ஐ அந்த எண்ணால் வகுத்தால் காகிதத்துக்கும் லென்ஸுக்கும் இருக்கவேண்டிய தூரம் சென்டிமீட்டரில் கிடைக்கும்: 20 டயாப்டர் என்றால் 5 செ.மீ. அந்தத் தூரத்தை மாற்றாமல், லென்ஸும் தாளுமாகச் சேர்த்துக் கண்ணருகே கொண்டுவாருங்கள். கை நீட்டிப் பிடித்தபோது நாலெழுத்து தெரிந்த அதே லென்ஸில் இப்போது முழு வார்த்தைகள் தெரியும். கிட்ட வைத்துப் படித்தால் கண் கெடும் என்பது வீண் பயம். கால் வைத்த ஸ்டாண்டு லென்ஸ் என்றால் பெரியவர்கள் படிக்கும் கண்ணாடியும் போட்டுக்கொள்ள வேண்டும்; இல்லையென்றால் எழுத்து மங்கும், லென்ஸ் மேல் பழி விழும். மேசை விளக்கை நன்றாகத் தெரியும் கண் பக்கம், தாளுக்குக் கிட்ட வையுங்கள். தூரம் பாதியானால் வெளிச்சம் ஏறக்குறைய நாலு மடங்கு.

விழித்திரையின் நடுப்பகுதி கெட்டவர்கள் நேராகப் பார்த்தால் எதிரே இருப்பவரின் முகமே மறையும். சற்று ஓரமாகப் பார்த்தால் தெரியும். அதைத்தான் குறைபார்வைக்குப் பயிற்சி தரும் நாங்களே கற்றுக்கொடுக்கிறோம். "மூஞ்சியப் பாத்துப் பேசு" என்று அதட்டாதீர்கள்.

இன்னொன்று, பலர் வெளியே சொல்லாதது. பார்வை குறைந்த சிலருக்குக் கூடத்தில் பிள்ளைகள் நிற்பதுபோல, சுவரில் கோலம் ஓடுவதுபோலத் தோன்றும். பெரிய வீட்டில் தனியாக இருக்கும் அப்பத்தா இதைச் சொன்னால் பேய் என்பார்கள், புத்தி பேதலித்தது என்பார்கள். இரண்டும் இல்லை. சார்லஸ் பொனே என்ற சுவிஸ் அறிஞர் தம் தாத்தாவுக்கு இப்படித் தெரிந்ததை 1760-லேயே எழுதிவைத்தார். கண்ணிலிருந்து தகவல் குறையும்போது மூளை தானாகவே படம் போடுகிறது. விளக்கைப் போட்டு, கண்ணைச் சிமிட்டி, இடமும் வலமுமாகப் பார்வையை ஓட்டினால் சிலருக்கு அது கலையும். அந்த உருவங்கள் பேசுவதாகவும் சொன்னால், அல்லது ஆள் குழம்பியிருந்தால், டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.