அந்த அம்மாவின் கேள்விக்கு மூன்றாவது பதில்

அனைவருக்கும் வணக்கம்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கூடும் கூட்டங்களுக்குப் பல வருடங்களாகப் போய்வருகிறேன். பேச்சு படிப்பில் தொடங்கும், சிகிச்சைக்குப் போகும், வேலைக்குப் போகும். எல்லாம் முடிந்து கிளம்புகிற நேரத்தில், யாராவது ஓர் அம்மா ஓரமாக வந்து மெல்லக் கேட்பார்: "நான் கண்ணை மூடின பிறகு என் பையனை யார் பார்த்துக்குவாங்க?"

வழக்கமாக இதற்கு இரண்டு பதில்கள்தான் சொல்லப்படுகின்றன. கூடப்பிறந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இல்லையென்றால் நல்ல காப்பகமாகப் பார்த்துச் சேர்த்துவிடலாம். கேட்டவருக்கும் நிம்மதி இருக்காது, சொன்னவருக்கும் இருக்காது. இன்று நான் மூன்றாவது பதிலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்தப் பையன் தன் வீட்டில், தனக்குப் பழகிய தெருவில், தன் விருப்பப்படி வாழலாம். அதற்கு அக்கம்பக்கம் தோள் கொடுக்க வேண்டும்.

சுயமாக வாழ்வது என்றதும், எல்லா வேலையையும் தானே செய்துகொள்வது என்று நினைத்துவிடுகிறோம். ஒருவர் தானே சட்டை மாட்ட ஒன்றரை மணி நேரம் போராடி, களைத்துப்போய் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறார். இன்னொருவர் உதவியாளர் துணையோடு பத்து நிமிடத்தில் உடுத்திக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். யார் சுயமாக வாழ்கிறார்? இரண்டாமவர் என்றுதான் நான் சொல்வேன். எந்தச் சட்டை, எத்தனை மணிக்கு, எங்கே போக, எல்லாமே அவர் முடிவு. கை மட்டும் இன்னொருவருடையது.

இதை உலகத்துக்குச் சொன்னவர்கள் மாற்றுத்திறனாளிகளேதான். அமெரிக்காவில் எட் ராபர்ட்ஸ் என்ற இளைஞர் 14 வயதில் போலியோவால் பாதிக்கப்பட்டவர். கழுத்துக்குக் கீழே அசைவு மிகக் குறைவு. இரவில் மூச்சுக்கு இரும்பு நுரையீரல் என்ற பெரிய இயந்திரத்துக்குள் படுக்க வேண்டும். அவரால் வேலையே செய்ய முடியாது என்று கலிபோர்னியாவின் மறுவாழ்வுத் துறை முதலில் உதவித்தொகை மறுத்தது. போராடி, 1962-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்த இயந்திரம் விடுதி அறை எதிலும் அடங்காததால், வளாக மருத்துவமனையின் ஓர் அறையே அவருக்கு விடுதியானது. பின்னால் அவரைப் போன்ற மாணவர்கள் அங்கே ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். 1972-ல் பெர்க்லியில் சுயவாழ்வு மையம் பிறந்தது. எந்தத் துறை அவரால் முடியாது என்றதோ, அதே துறைக்கு 1975-ல் அவரே இயக்குநரானார்.

இந்தக் கதையில் என்னை அதிகம் ஈர்ப்பது பதவி அல்ல. அவர்கள் முதலில் கையில் எடுத்த வேலைகளைப் பாருங்கள்: நம்பகமான உதவியாளர்களின் பட்டியல், படியில்லாத வீடுகளின் பட்டியல், சக்கர நாற்காலி பழுதுபார்க்கும் பட்டறை. பட்டறை எதற்கு என்று தோன்றலாம். சக்கர நாற்காலியின் டயர் பஞ்சரானால் நமக்குச் செருப்பு அறுந்த மாதிரி இல்லை, கால் முறிந்த மாதிரி. சரிசெய்ய இரண்டு வாரம் ஆகும் என்றால் அவர் இரண்டு வாரம் படுக்கையில். அந்த அனுபவம் உள்ளவர்கள் கூடி யோசித்ததால்தான் பட்டறை முதல் வரிசைக்கு வந்தது. வெளியாள் யோசித்திருந்தால் அநேகமாக ஒரு விழா நடத்தியிருப்பார்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சொல்ல எளிதாக இல்லை, ஆனாலும் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒரு நண்பர். விபத்தில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டது. கையைத் தூக்குவார், விரல் மடங்காது. தனியாகத்தான் வாழ்கிறார். காலையிலும் இரவிலும் சம்பளத்துக்கு ஓர் உதவியாளர் வருவார். காலையில் அவரைச் சட்டென்று நிமிர்த்தி உட்கார வைக்கக் கூடாது, ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து நிமிர்த்த வேண்டும். பிறகு சிறுநீர்க் குழாய், குளியல். அப்புறம் இடுப்பிலும் குதிகாலிலும் எங்காவது தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது. உணர்வு இல்லாத தோலில் அந்தச் சிவப்புதான் படுக்கைப்புண்ணின் முதல் அறிகுறி.

ஒருநாள் மாலை அவரைப் பார்க்கப் போனேன். மேசை இறைந்து கிடந்தது. பேசிக்கொண்டே ஒழுங்குபடுத்தினேன். அவர் விரல் முட்டியால் தட்டும்படி ஒரு தாங்கியில் நிற்கவைத்திருந்த கைபேசியை எடுத்து, அலமாரித் தட்டில் சார்ஜில் போட்டேன். நல்ல காரியம் செய்த நிறைவோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று இரவு உதவியாளருக்குக் காய்ச்சல். வர முடியவில்லை என்று சொல்லக் கூப்பிட்டிருக்கிறார். மணி அடித்துக்கொண்டே இருந்ததாம். நண்பருக்குக் காதில் விழுந்தது, கைக்கு எட்டவில்லை. குரல் கொடுத்தும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கவில்லை. விடியும்வரை நாற்காலியிலேயே இருந்தார். காலையில் இடுப்பில் ஒரு சிவப்பு. அது புண்ணாகி ஆற ஐந்து வாரம், பெரும்பாலும் குப்புறப் படுத்தபடி.

அவர் என்னைத் திட்டவில்லை. "கேட்டுட்டு எடுத்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். என் கண்ணுக்கு இறைந்து கிடந்த மேசை, அவர் கை எட்டும் தூரத்தை அளந்து அடுக்கியது. அன்றிலிருந்து யார் வீட்டிலும் கேட்காமல் நான் எதையும் நகர்த்துவதில்லை.

புண் ஆறியதும் அவர் செய்ததுதான் முக்கியம். ஆறு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவி, எதிர் வீட்டுப் பெரியவர், உடன் வேலை பார்க்கும் இருவர், உதவியாளர், நான். தினமும் இரவு ஒன்பதரைக்கு அவரிடமிருந்து எங்கள் எல்லோருக்கும் ஒரு செய்தி வரும். வராவிட்டால் மாணவி கதவைத் தட்டுவார், அவரிடம் ஒரு சாவி உண்டு. உதவியாளர் வராத நாளில் இரண்டு பேர் சேர்ந்து படுக்கைக்கு மாற்ற வேண்டும். எங்கே பிடிக்க வேண்டும், எங்கே பிடிக்கக் கூடாது என்று எங்களுக்கு நான்கு மாலை பாடம் எடுத்தார். யாராவது ஊருக்குப் போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மாணவி ஒருநாள் தயங்கித் தயங்கிக் கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்டார். இப்போது வாரம் இரண்டு நாள் அவர் அங்கே மாணவி, நண்பர் வாத்தியார்.

இதில் யாரும் தியாகம் செய்யவில்லை. அவரவர் பங்கு சின்னது, ஆனால் தவறுவதில்லை. மனம் இரங்கி மாதம் ஒருமுறை பழக்கூடையோடு வருகிறவரைவிட, ஒன்பதரை மணிச் செய்தியை மறக்காமல் பார்க்கிறவர்தான் அவருக்கு வேண்டும்.

சரி, அக்கம்பக்கம் இருந்தால் போதுமா? போதாது. தினசரி உடல் தேவைகளுக்கு அண்டைவீட்டாரை நம்பியிருப்பது அவருக்கும் பாரம், அவர்களுக்கும் பாரம். அதற்குச் சம்பளம் வாங்கும் உதவியாளர் வேண்டும், அந்தச் சம்பளத்துக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும். ஸ்வீடனில் 1994 முதல், பெரிய அளவில் உதவி தேவைப்படுகிறவர்களுக்குத் தனி உதவியாளர் என்பது சட்டப்படியான உரிமை. உதவியாளர் யார் என்பதில் பயனாளிக்கே முக்கியப் பங்கு. 2006-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19-வது பிரிவும் இதைத்தான் பேசுகிறது: எங்கே, யாரோடு வாழ்வது என்பதை மற்றவர்களைப் போலவே அவர்களும் தேர்ந்தெடுக்கலாம், இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. தனி உதவியாளர் சேவையும் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. சாய்தளம், கைப்பிடி, லிஃப்ட் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள், நான் திரும்பச் சொல்லவில்லை.

"உடல் குறைபாட்டுக்கு இதெல்லாம் சரி. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவருக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். பெல்ஜியத்தில் கேல் என்ற ஊர் இருக்கிறது. மனநோய் உள்ளவர்களையும் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களையும் தங்கள் வீட்டில் ஒருவராக வைத்து வாழும் வழக்கம் அங்கே பல நூற்றாண்டுகளாகத் தொடர்கிறது. ஓர் ஊரால் பழக முடிந்திருக்கிறது. முடிவெடுப்பதிலும் அப்படித்தான். அவருக்குப் பதிலாக நாம் முடிவெடுப்பது ஒன்று. படம் காட்டி, எளிய சொற்களில் விளக்கி, யோசிக்க நேரம் கொடுத்து, அவர் முடிவெடுக்கத் துணை நிற்பது வேறு. உடன்படிக்கையின் 12-வது பிரிவு கேட்பது இந்த இரண்டாவதைத்தான். நாமும்தான் டாக்டர் சொன்னதை நாலு பேரிடம் கேட்டுவிட்டு முடிவெடுக்கிறோம்.

தொடக்கத்தில் சொன்ன கேள்வியைக் கேட்ட அம்மாக்களில் ஒருவர், "அப்போ நான் இருக்கும்போதே பழக்கிப் பார்க்கிறேன்" என்றார். மகனுக்கு 26 வயது, அறிவுத்திறன் குறைபாடு. முதலில் மூன்று மாதம் அடுப்பு, பூட்டு, சாவி. ஒவ்வொரு வேலைக்கும் படம் வரைந்து சுவரில் ஒட்டினார்கள். மாடி வீட்டுத் தம்பதியிடம் பேசி வைத்தார்கள். அப்புறம் ஒரு சனிக்கிழமை, அம்மா தன் அக்கா வீட்டுக்குப் போய்த் தங்கினார். அன்று இரவு அவர் தூங்கவில்லை. பையன் அறையில் இரண்டு மணிவரை விளக்கு எரிந்ததாக மாடி வீட்டார் சொன்னார்கள். காலையில் அவனே போன் செய்தான். "அம்மா, பால் நானே காய்ச்சிட்டேன். நீ சாயங்காலம் வந்தா போதும்."

இப்போது வாரத்தில் இரண்டு இரவுகள் அவன் தனியாக இருக்கிறான். மூன்றாவது இரவு எப்போது என்பதை அவனிடமே விட்டிருக்கிறார்கள்.